துருவம் நகர்ந்த காட்சி

கோளரங்கத்தில் விளக்கவுரை சொல்கிறவளுக்குத் தலைசுற்றல் வந்தால் அதை வெளியே சொல்வது சுலபமில்லை. வானத்தைச் சுழற்றிக் காட்டுவதுதான் அங்கே வேலை. நீச்சல் சொல்லித்தருகிறவர் தண்ணீரைக் கண்டால் பயம் என்றால் ஊர் எப்படிச் சிரிக்குமோ, அப்படித்தான் இதற்கும் சிரிக்கும் என்று அவள் நினைத்தாள்.

முதல் தடவை அது வீட்டில் வந்தது. பரண்மேல் இருந்த பெரிய குக்கரை எடுக்க நாற்காலியில் ஏறி அண்ணாந்து பார்த்தாள். பரண் இடப்பக்கமாக ஓடியது. அதன் பின்னாலேயே சுவரும் ஓடியது. குக்கரைக் கட்டிப்பிடித்தபடி நாற்காலியிலேயே குந்திவிட்டாள். சற்று நேரத்தில் பரணும் சுவரும் அதனதன் இடத்துக்குத் திரும்பிவந்து ஒன்றும் நடக்காததுபோல நின்றன. காலையில் வெறும் வயிற்றோடு இருந்ததால் வந்தது என்று முடிவு கட்டி, இரண்டு வாழைப்பழம் சாப்பிட்டாள். கணவரிடம் சொல்லவில்லை. அவர் அப்போது வாசலில் நின்று யாரிடமோ கைபேசியில், "கிளட்ச விட்டுட்டு அப்புறம் பிரேக்கப் போய்த் தேடாதீங்க சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். பாதி வகுப்பு கைபேசியிலேயே நடக்கும்.

மறுநாள் காலைக் காட்சியில் அது மறுபடி வந்தது.

குவிமாடத்துக்குக் கீழே வட்டமாக அறை. சாய்ந்து படுக்கிற மாதிரி இருக்கைகள். நடுவில் இரண்டு தலை வைத்த பெரிய எறும்புபோல நட்சத்திரங்களை வீசும் இயந்திரம். தெற்குப் பக்கத்துச் சுவரோரம் பொத்தான்களும் திருகிகளும் கொண்ட மேசை. மேசைக்குப் பின்னால் இயந்திரத்தை ஓட்டுகிறவன் உட்கார்ந்திருப்பான். அவனுக்குப் பக்கத்தில் அவள் ஒரு கையில் மைக்கும் மறு கையில் அம்புக்குறி விளக்குமாக நிற்பாள். அவனை எல்லாரும் அமாவாசை என்றுதான் கூப்பிடுவார்கள். விளக்கை அணைக்கிற வேலை அவனுடையது. அவனுடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டுக்கு மட்டும் தெரியும்.

அன்றைக்கும் வழக்கம்போல சூரியன் மறைந்தது. விளக்குகள் மங்கின. கூட்டத்தில் யாரோ விசில் அடித்தார்கள், யாரோ அதட்டினார்கள். நட்சத்திரங்கள் வந்ததும் அமாவாசை திருகியைத் திருப்பினான். ஒரு முழு இரவு, ஒரு பாட்டு ஓடி முடிகிற நேரத்துக்குள் கிழக்கிலிருந்து மேற்கே நகரும். அவள் உயர ஏறியிருந்த விருச்சிகத்தைக் காட்டத் தலையை நிமிர்த்தினாள். அவ்வளவுதான். நகர்ந்துகொண்டிருந்த வானம் தன் கணக்குக்கு ஒரு பக்கம் போக, அவளுடைய தலைக்குள் இன்னொரு வானம் எதிர்ப்பக்கம் கிளம்பியது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"விருச்சிகத்தோட வால்..." என்று தொடங்கியவள், வாலை எங்கே விட்டோம் என்று தெரியாமல் நின்றாள்.

தலையைத் தாழ்த்தியபோது பார்வை வடக்கு ஓரத்தில் போய் விழுந்தது. வெளியே செல்லும் வழி என்று பச்சை எழுத்தில் எரியும் பலகைக்குக் கொஞ்சம் மேலே, தாழ்வாக, அவ்வளவாகப் பளிச்சென்று இல்லாத ஒரு நட்சத்திரம். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிற ஊர்களில் துருவ நட்சத்திரம் அவ்வளவு உயரத்தில்தான் நிற்கும். அதைப் பார்க்கக் கழுத்தை அண்ணாத்த வேண்டியதில்லை. சுற்றிலும் மற்றதெல்லாம் செக்கு மாடாகச் சுற்ற, அது மட்டும் வைத்த இடத்தில் இருந்தது. அவள் அதையே பார்த்தாள். மூச்சு சீரானது. தலைக்குள் ஓடிய வானம் மெல்ல நின்றது.

"எல்லாம் சுத்துது, இது மட்டும் சுத்தல, பாருங்க" என்று மைக்கில் சொன்னாள். அது உரையில் இல்லாத வரி. "பூமியோட அச்சு நேரா அந்தப் பக்கமா நீட்டிக்கிட்டு இருக்கு. ராட்டினத்துல உக்காந்து மேல பாத்தா நடுக்கம்பத்தோட உச்சி மட்டும் ஒரே இடத்துல தெரியும் இல்லையா, அது மாதிரி. இத வச்சுத்தான் கடல்ல போனவங்க வடக்க கண்டுபிடிச்சாங்க. இது எவ்வளவு உசரத்துல தெரியுதோ, அத வச்சு எவ்வளவு தூரம் வந்திருக்கோம்னும் கண்டுபிடிச்சாங்க. வடதுருவத்துக்குப் போனா இது நம்ம தலைக்கு நேர் மேல நிக்கும். நம்ம ஊர்ல, ஏதோ நிக்கணுமேன்னு ஓரமா நிக்குது."

கூட்டம் சிரித்தது. காட்சி முடியும்வரை அவள் கண்ணை அங்கிருந்து எடுக்கவில்லை.

அப்படியே அது வழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு காட்சியிலும் அவள் வடக்கைப் பார்த்து நின்றாள். மற்ற நட்சத்திரங்களை மனப்பாடத்திலிருந்து சொன்னாள். எந்த நிமிடத்தில் எது எங்கே வரும் என்று கைக்குத் தெரிந்திருந்தது. அம்புக்குறியைப் பார்க்காமலே வீசுவாள். சில நாள் அது சரியாகப் போய் விழும், சில நாள் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டும். தப்பியபோதெல்லாம் பேச்சைத் துருவ நட்சத்திரத்துக்குத் திருப்பிவிடுவாள். சப்தரிஷி மண்டலத்தின் இரண்டு நட்சத்திரங்களைக் கோடு போட்டு நீட்டி அதைக் கண்டுபிடிப்பது எப்படி, அதுவும் உண்மையில் முற்றிலும் அசையாமல் இல்லை, கண்ணுக்குத் தெரியாத சின்ன வட்டம் ஒன்று போடுகிறது என்பதெல்லாம் பேச்சில் வந்து சேர்ந்தன.

அமாவாசைதான் முதலில் கவனித்தான்.

"அக்கா, நேத்து ரோகிணிய காட்டறேன்னு சொல்லி ஏசி ஓட்டையக் காட்டினீங்க."

"கை தவறிடுச்சு."

"ஒரு நாள் தவறினா கை. தினமும் தவறினா கண்ணு. போய்க் கண்ணாடி மாத்துங்க."

"மாத்தறேன்."

அவள் மாற்றவில்லை. கண்ணில் கோளாறு இல்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனால் இன்னொன்றும் தெரியும். அவளுக்கு முன்னால் விளக்கவுரை சொன்னவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டபோது, குணமாகும்வரை என்று டிக்கெட் கொடுக்கிற இடத்தில் உட்கார வைத்தார்கள். தொண்டை குணமாயிற்று. அவர் ஓய்வு பெறும்வரை அந்தக் கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால்தான் இருந்தார். தலைசுற்றலை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

வீட்டில் மறைப்பது இதைவிடக் கடினமாக இருந்தது. படுக்கையில் வலப்பக்கம் திரும்பினால் கட்டில் கவிழ்வதுபோல இருக்கும். அதனால் இடப்பக்கமே படுத்தாள். அது கணவருக்கு முதுகைக் காட்டுகிற பக்கம். கொடியில் துணி போடும் வேலையை அவரிடம் தள்ளினாள். "உங்களுக்குத்தான் உசரம்" என்றாள். இத்தனை வருடம் கழித்துத் தன் உயரம் கவனிக்கப்பட்டதில் அவருக்கு ஒரு சந்தோஷம். பேசாமல் துணி போட்டார்.

இதற்கிடையில் கோளரங்க இயக்குநர் ஒருநாள் அவளை அறைக்குக் கூப்பிட்டார். புதிதாக வந்தவர், அவளைவிட வயதில் சின்னவர். எதையும் பாதி வாக்கியத்திலேயே புரிந்துகொள்கிறவர், அதனால் மீதி வாக்கியத்தைப் பேசவிட மாட்டார்.

"துருவ நட்சத்திரத்தப் பத்தி நீங்க பேசறது எல்லாருக்கும் பிடிச்சிருக்கு. பள்ளிக்கூடத்துலேருந்து போன் பண்ணிக் கேக்கறாங்க. நான் பின்னாடி உக்காந்து ரெண்டு காட்சி பாத்தேன். வேற யாரும் அந்த நட்சத்திரத்த அப்படிப் பாத்து நான் பாத்ததில்ல."

"அது சும்மா..."

"சும்மா இல்ல. அத வச்சே ஒரு தனிக் காட்சி பண்ணலாம். ஆனா அசையாத நட்சத்திரம்னு மட்டும் சொல்லி விட்டுடக் கூடாது. பூமியோட அச்சு பம்பரம் மாதிரித் தலையாட்டுதே, அதக் காட்டணும். இருபத்தாறாயிரம் வருஷத்த ஓட்டிக் காட்டலாம். துருவ நட்சத்திரம் தன்னோட இடத்த விட்டுப் போறத ஜனங்க கண்ணால பாக்கட்டும். நீங்கதான் பேசணும்."

அவள் சரி என்றாள். வெளியே வந்து வராந்தாவில் தண்ணீர் குடித்தாள். தான் பிடித்துக்கொண்டு நின்ற கம்பத்தைத் தானே விளம்பரம் செய்து, இப்போது அதைப் பிடுங்க ஆள் வந்திருக்கிறது என்பது தெளிவாகவே தெரிந்தது. சிரிப்புக்கூட வந்தது. சொந்தச் செலவில் சூனியம் என்பார்களே, அது.

இயந்திரத்தில் அந்த ஓட்டத்துக்கென்று தனியாக ஒரு திருகி உண்டு. யாரும் தொட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. அமாவாசை மூடியைக் கழற்றி, பல்சக்கரங்களுக்குக் கிரீஸ் வைத்து, துணியால் துடைத்தான். ஒத்திகையின்போது அவள், பேச்சு இன்னும் தயாராகவில்லை, நீ மட்டும் ஓட்டிப் பார் என்று சொல்லிவிட்டு வாசலிலேயே நின்றாள். அடுத்த ஒத்திகைக்குக் கண்ணை மூடிக்கொண்டு பேசினாள். பேச்சு நன்றாக இருந்தது. காட்சியன்றும் இப்படியே சமாளித்துவிடலாம் என்று நம்பினாள்.

முதல் காட்சிக்குக் கூட்டம் நிறைந்துவிட்டது. இரண்டு பள்ளிக்கூடங்கள், சில குடும்பங்கள், முன்வரிசையில் இயக்குநர். விளக்கு அணைவதற்குக் கொஞ்சம் முன்னால் கணவர் உள்ளே வருவதைப் பார்த்தாள். சொல்லாமல் வந்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டை. அவளைப் பார்த்துக் கையை லேசாகத் தூக்கினார், வண்டியைப் பின்னால் எடுக்கலாம் என்று மாணவனுக்குக் காட்டுவதுபோல.

அவர் வராமல் இருந்திருந்தால் அவள் கண்ணை மூடிக்கொண்டே முடித்திருப்பாளோ என்னவோ. கணவர் பார்க்கிறார் என்றதும், கண்ணை மூடிக்கொண்டு நிற்பது ஏமாற்று வேலையாகத் தோன்றியது. முதல் பாதி முழுக்க வழக்கம்போல வடக்கைப் பார்த்துப் பேசினாள். பிறகு, "இப்ப நாம எதிர்காலத்துக்குப் போறோம்" என்றாள். அமாவாசை அந்தத் திருகியைத் திருப்பினான்.

துருவ நட்சத்திரம் நகர்ந்தது.

முதலில் தெரியாத அளவுக்குத்தான். பிறகு பச்சைப் பலகையை விட்டு விலகியது. அதை விடக்கூடாது என்று அவளுடைய கண்ணும் கூடவே போனது. கண்ணின் பின்னால் தலை போனது. அது மேலே ஏற ஏற அவள் கழுத்து தானாக அண்ணாந்தது. அவள் பழகியிருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. வானம் முழுவதும் ஒரு பக்கம் வழிந்தது. காலுக்குக் கீழே தரை எதிர்ப்பக்கம் சரிந்தது.

"ஆயிரக்கணக்கான வருஷம் கழிச்சு இந்த நட்சத்திரமும் மத்த நட்சத்திரம் மாதிரி... உதிக்கும்... மறையும்..." என்றாள். பிறகு மேசைக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்தாள். மைக் மடியில் இருந்தது. அவளுடைய மூச்சு அரங்கம் முழுக்கக் கேட்டது.

கூட்டம் அசையவில்லை. இவ்வளவு பெரிய விஷயத்துக்கு அப்படி ஒரு மௌனம் வேண்டும்தான் என்று நினைத்தார்கள்போல.

அமாவாசை குனிந்து பார்த்தான். "அக்கா?"

"நட்சத்திரம்" என்றாள் அவள் மெதுவாக. "பழைய எடத்துக்குக் கொண்டா."

அவன் அதை அப்படியே நிறைவேற்றினான். திருகியைப் பின்பக்கமாக, முழு வேகத்தில் திருப்பினான். எதிர்காலத்துக்குப் போன வானம் விழுந்தடித்துக்கொண்டு நிகழ்காலத்துக்கு ஓடிவந்தது. உதவி என்று நினைத்துத்தான் செய்தான். அந்த வேகத்தில் அவளுக்கு இருந்த கொஞ்சநஞ்ச நிதானமும் போய்விட்டது. அவன் கிரீஸ் துணி போட்டு வைத்திருந்த வாளியை இழுத்து அதில் வாந்தி எடுத்தாள். மைக்கை அணைக்க வேண்டும் என்று அப்போதுதான் அவனுக்குத் தோன்றியது. தோன்றியபோது கொஞ்சம் தாமதமாகியிருந்தது.

இருட்டில் ஒருவர் எல்லார் காலையும் மிதித்துக்கொண்டு, "மன்னிச்சுக்குங்க, மன்னிச்சுக்குங்க" என்று சொல்லியபடி மேசையை நோக்கி வந்துகொண்டிருந்தார். அது அவளுடைய கணவர்.

அன்று மாலையே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போனார்கள். மருத்துவர் நாலைந்து கேள்வி கேட்டார். அண்ணாந்தா வருதா, படுக்கையில் திரும்பினா வருதா, எவ்வளவு நாளா. கடைசிக் கேள்விக்கு அவள் பதில் சொன்னபோது கணவர் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"காதுக்குள்ள பொடிக்கல்லு மாதிரி இருக்கும். அது எடம் மாறிப் போயிருக்கு. திரும்ப அனுப்பணும்" என்றார் மருத்துவர். அவளைக் கட்டிலில் படுக்க வைத்து, தலையை விளிம்புக்கு வெளியே தொங்கவிட்டு, வலப்பக்கம் திருப்பினார். அறை ஒரு பம்பரமாகி நின்றது. பிறகு இடப்பக்கம். பிறகு உடம்போடு சேர்த்து ஒரு புரட்டு. எழுப்பி உட்கார வைத்தார். "அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?" என்றார் கணவர்.

"மறுபடி வந்தாலும் வரும். வந்தா கூட்டிட்டு வாங்க."

அவளுக்கு நிம்மதி வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரம்கூடப் பிடிக்காத வைத்தியத்துக்காக இரண்டு மாதம் வடக்கைப் பார்த்து நின்றிருக்கிறாள்.

கணவர் அதன்பிறகு நாலைந்து நாள் சரியாகப் பேசவில்லை. நாள் முழுக்க அந்நியர்களிடம் கத்துகிற மனிதர், வீட்டுக்கு வந்தால் வாயைப் பூட்டிக்கொண்டார். தட்டில் எது வைத்தாலும் சாப்பிட்டார். துணியைக் கேட்காமலே எடுத்துப்போய் உலர்த்தினார். அவள் இப்போது எந்தப் பக்கமும் திரும்பிப் படுக்கலாம். திரும்பினாள். அவர் முதுகு தெரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வகுப்புக்கு வைத்திருக்கும் காரில் அவளைக் கடைக்குக் கூட்டிப்போனார். திரும்பும்போது அவளையே ஓட்டச் சொன்னார். பயிற்சிக் கார், இடப்பக்க இருக்கைக்கும் ஒரு பிரேக் உண்டு. கொஞ்ச தூரம் போனதும் அவர் சொன்னார்.

"ரெண்டு மாசம். பக்கத்துலயே படுத்திருந்தேன். அந்த அமாவாசைக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியல."

"அவனுக்கும் தெரியாது. கண்ணு போச்சுன்னு நெனச்சான்."

"யாருக்குமே சொல்லலைன்னா அது எனக்கு ஆறுதலா?"

அவள் சிக்னலில் வண்டியை நிறுத்தினாள்.

"இப்ப உங்க கால் எங்க இருக்கு?"

அவர் குனிந்து பார்த்தார். பிரேக்மேல் இருந்தது.

"எனக்கு லைசென்ஸ் வந்து எத்தன வருஷமாச்சு? இன்னும் வச்சுக்கிட்டுத்தான் இருக்கீங்க. நான் தப்பு பண்ணல, ஆனா நீங்க எப்ப அமுக்குவீங்களோன்னே ஓட்டறேன். தலசுத்தலயும் சொல்லியிருந்தா அப்படித்தான் ஆயிருக்கும். எந்திரிச்சா பாப்பீங்க, உக்காந்தா பாப்பீங்க. நீங்க பாக்கப் பாக்க நான் நெசமாவே சீக்காளி ஆயிடுவேன். வேலைக்குப் போகாதம்பீங்க."

"சொல்லியிருப்பேன்தான்" என்றார் அவர்.

பின்னால் இருந்த லாரி ஹாரன் அடித்தது. அவள் வண்டியை நகர்த்தினாள். அவர் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். வீடு வந்துசேரும்வரை அந்தக் காலை என்ன செய்வது என்று தெரியாமல் இரண்டு தடவை மாற்றி மாற்றிப் போட்டார். இறங்கும்போது, "ரெண்டாவது கியர்லயே கொஞ்சம் அதிக நேரம் ஓட்டற" என்றார். பேச்சுவார்த்தை திரும்பிவிட்டது என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

இயக்குநர் கோபப்படவில்லை. "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்றார். அவள் டிக்கெட் ஜன்னலைப் பற்றிச் சொன்னாள். இயக்குநருக்கு அந்தக் கதை தெரியாது. முதல் தடவையாக அவள் சொல்ல வந்த வாக்கியத்தை முழுதாகக் கேட்டார். பிறகு, "அந்தக் காட்சிய வேணும்னா குரலப் பதிவு பண்ணிப் போட்டுக்கலாம்" என்றார்.

"வேண்டாம். நானே சொல்றேன்."

"முடியுமா?"

"பாக்கலாம்."

அடுத்த மாதம் அந்தக் காட்சியை மறுபடி போட்டார்கள். அமாவாசை புது வாளி ஒன்றைக் கழுவி, அவள் கைக்கு எட்டும் தூரத்தில் வைத்திருந்தான். கணவரிடம் வர வேண்டாம் என்று சொல்லியிருந்தாள். அவர் வரவில்லை.

இந்தத் தடவை அவள் வானம் முழுவதையும் பார்த்துப் பேசினாள். விருச்சிகத்தின் வாலைச் சரியாகக் காட்டினாள். அமாவாசை தனித் திருகியில் கை வைத்தபோது, அவள் வாளி இருக்கும் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். திருகி திரும்பியது. துருவ நட்சத்திரம் தன் இடத்தை விட்டுக் கிளம்பியது. அவள் அதை அண்ணாந்து பார்த்தபடி பேசிக்கொண்டே போனாள். தரை தரையாகவே இருந்தது. நட்சத்திரம் மேலே ஏறி, ஒரு பெரிய வளைவாகத் திரும்பியது. மற்றவற்றோடு கலந்தபின் தனியாகத் தெரிந்துகொள்ளும்படி அதில் ஒன்றும் இல்லை. பெரிதாக ஏதோ தோன்றும் என்று எதிர்பார்த்திருந்தாள். ஒன்றும் தோன்றவில்லை. வேலை சரியாகப் போகிறது என்பது மட்டும் தோன்றியது.

வெளிச்சம் வந்த பிறகு கேள்வி கேட்கலாம் என்றார்கள். கண்டக்டர் சீருடையில் இருந்த ஒருவர் எழுந்தார். பக்கத்தில் மனைவி.

"இந்த நட்சத்திரம் போயிடுச்சுன்னா, அந்த எடத்துக்கு அடுத்தது எப்ப வரும்மா?"

"நல்ல வெளிச்சமா ஒண்ணு வர்றதுக்குப் பன்னெண்டாயிரம் வருஷம் ஆகும். அதுவும் சரியா அந்த எடத்துக்கு வராது, கொஞ்சம் தள்ளித்தான் நிக்கும்."

"நடுவுல?"

"நடுவுல மங்கலா ஒண்ணு ரெண்டு அந்தப் பக்கமா வந்துட்டுப் போகும். பாதி நேரம் எதுவும் இருக்காது."

"அப்ப வடக்க எப்படிக் கண்டுபிடிப்பாங்க?"

"சுத்திலும் இருக்கறது எந்த எடத்தச் சுத்துதுன்னு பாத்துக் கண்டுபிடிக்கணும். கொஞ்சம் நேரம் புடிக்கும். ஆனா முடியும். தெற்குத் துருவத்துல இப்பவே அப்படித்தான், அங்க பேருக்கு ஒண்ணு இருக்கு, கண்ணுக்கே சரியாத் தெரியாது."

கண்டக்டர் தலையாட்டினார். மனைவியிடம் குனிந்து ஏதோ சொன்னார், அந்த அம்மாள் சிரித்தார். எல்லாரும் எழுந்து வெளியே போகத் தொடங்கினார்கள். அமாவாசை மேசைக்கு அடியிலிருந்து தலையை நீட்டி, பல்சக்கரத்தில் ஏதோ உரசுகிற சத்தம் கேட்கிறது, அடுத்த காட்சிக்கு முன்னால் மூடியைக் கழற்றிப் பார்க்க வேண்டும், அதுவரை சாப்பிடப் போகாதீர்கள், டார்ச் பிடிக்க ஆள் வேண்டும் என்றான். அவள் மைக்கை அணைத்து வைத்துவிட்டு டார்ச்சை எடுத்துக்கொண்டு போனாள்.